வாசகர் கேள்வி – பதில்: மாமா தந்த டிஎஸ்எல்ஆரும் அண்ணா வாங்கித்தரும் சிறிய கமராவும்

கேள்வி: என் மாமா வெளிநாட்டுக்குப் போகும்போது தம்மிடமிருந்த நிக்கோன் டி90 கமராவையும் அதனோடு வந்த 18-105 மி.மீ. லென்ஸையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். கட்டாரில் வேலை செய்யும் அண்ணாவோ, அது பழையது, விற்றுவிடு, வரும்போது கனன் ஜி7எக்ஸ் மார்க் 3 வாங்கி வருகிறேன் என்கிறார். வேளாண்மை வெட்டு முடிந்தபின் எங்கள் பக்கத்து ஊர்களில் இரவிரவாக ஆடப்படும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் படமெடுத்துச் சேர்த்துவைப்பதே என் விருப்பம். பிளாஷ் போட எனக்கு மனமில்லை. கடந்த முறை டி90இல் எடுத்த படங்கள் புள்ளி புள்ளியாகவும் கலங்கியும் வந்தன. இரண்டில் எதை வைத்துக்கொள்வது நல்லது?
– ஒரு வாசகி, வந்தாறுமூலை

பதில்: டி90ஐ விற்காதீர்கள். ஆனால் இப்போதுள்ள லென்ஸை மட்டும் பூட்டிக்கொண்டு மறுபடியும் கூத்தாடும் களரிக்குப் போனால், படங்கள் முன்போலவே வரும். அண்ணா சொன்னதுதான் சரி என்று நீங்களே முடிவுகட்டிவிடுவீர்கள். குறை கமராவின் வயதில் இல்லை. அதன் முன்னால் இருக்கும் லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சம் போதவில்லை என்பதில்தான் இருக்கிறது.

டி90 2008 ஆகஸ்டில் அறிமுகமானது. ஜி7எக்ஸ் மார்க் 3 2019 ஜூலையில் வந்தது. இடைப்பட்ட 11 ஆண்டுகளில் சென்சர்கள் (கமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் தகடுகள்) வெகுவாக முன்னேறியிருக்கின்றன என்பது உண்மை. ஆயினும் டி90இன் சென்சர் 23.6 மி.மீ. அகலமும் 15.8 மி.மீ. உயரமும் கொண்டது, அண்ணா வாங்கித்தர நினைக்கும் கமராவின் சென்சர் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. பரப்பளவாகக் கணக்கிட்டால் பழையது புதியதைப்போல 3.2 மடங்கு. ஒரே வெளிச்சத்தில், ஒரே துவார எண்ணில் (எஃப்/ என்று எழுதப்படுவது; எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிது), ஒரே நேரம் திறந்து வைத்தால், பெரிய பரப்பு அந்த அளவுக்கு அதிக ஒளியைச் சேர்க்கும். சேர்ந்த ஒளி கூடக் கூடப் படத்திலுள்ள புள்ளிகள் குறையும்.

அப்படியிருந்தும் உங்கள் படங்கள் ஏன் புள்ளியாக வந்தன? 18-105 லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/3.5 துவாரத்தில் தொடங்கி, சூமை நீட்ட நீட்ட எஃப்/5.6 வரை சுருங்கிவிடும். ஆடுபவரை இடுப்பளவுக்கு நிறைத்துப் படமெடுக்கும் தூரத்தில் அது ஏறத்தாழ எஃப்/5இல் நிற்கும். ஜி7எக்ஸின் லென்ஸோ எஃப்/1.8இல் தொடங்கி, சூமின் கடைசி எல்லையிலும் எஃப்/2.8ஐவிடச் சுருங்காது. எஃப்/5க்கும் எஃப்/2.8க்கும் இடையிலான ஒளி வேறுபாடு மூன்று மடங்குக்குச் சற்று மேல். அதாவது, பெரிய சென்சரால் டி90க்குக் கிடைத்த அனுகூலம் முழுவதையும் அந்த லென்ஸ் அப்படியே பறித்துவிடுகிறது. இரண்டும் சமமாக வந்து நிற்கும்போது, புதிய சென்சரின் தொழில்நுட்பம் சிறிய கமராவைச் சற்று முன்னே தள்ளிவிடும். கடைக்காரர்கள் காட்டும் ஒப்பீட்டுப் படங்களில் டி90 போன்ற பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடியுள்ள கமரா) தோற்றுப்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். எந்த லென்ஸுடன் ஒப்பிட்டார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

இனி அதே டி90இல் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைப் பூட்டிப் பாருங்கள். துவாரத்தால் 2.4 மடங்கும் பரப்பால் 3.2 மடங்கும் சேர்ந்து, ஜி7எக்ஸ் அதே கோணத்தில் எஃப்/2.8இல் பெறுவதைவிட ஏழு மடங்குக்கும் அதிகமான ஒளி உங்கள் சென்சரில் விழும். இந்த இடைவெளியை 11 ஆண்டு முன்னேற்றம் நிரப்பிவிடாது. மாமாவின் கமராவில் இன்னொரு வசதியும் உண்டு: நிக்கோனின் டி40, டி60, டி3000, டி5000 போன்ற சிறிய உடல்களில் இல்லாத குவிப்பு மோட்டார் டி90இன் உள்ளேயே இருக்கிறது. ஆகவே ஏஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8டி என்ற பழைய, மலிவான லென்ஸைப் பாவித்ததாகவே வாங்கிப் பூட்டினாலும் அது தானாகக் குவியும். அண்ணா கட்டாரிலிருந்து எதையாவது வாங்கி வரத்தான் வேண்டும் என்றால், அந்த லென்ஸை வாங்கி வரச் சொல்லுங்கள். கமராவுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும்.

50 மி.மீ. லென்ஸுக்குச் சூம் கிடையாது. டி90இன் சென்சர் 35 மி.மீ. பிலிமைவிடச் சிறியது என்பதால், பிலிம் கமராவில் 75 மி.மீ. லென்ஸ் தரும் கோணத்தையே அது இங்கே தரும். களரியைச் சுற்றிச் சனங்கள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கையில் முன்னும் பின்னும் நகர்ந்து எடுக்க முடியாது என்பதால், இருக்கும் இடத்தை முன்கூட்டியே தேர்ந்துகொள்ள வேண்டும். கூத்தை நடத்தும் அண்ணாவியாரும் மத்தளக்காரரும் நிற்கும் பக்கத்துக்கு நேரெதிராக, வரிசையின் முன்னால் தரையில் அமர்ந்தால், கரப்புடுப்பு என்னும் கூத்துடையோடு சுழன்று வருபவர் உங்களை நோக்கித் திரும்பும் கணமும் அண்ணாவியாரின் முகமும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கும்.

படங்கள் கலங்கியதற்கு ஷட்டர் வேகம் குறைந்துபோனது காரணமாக இருக்கலாம். ஆனால் வேகத்தை மனம்போன போக்கில் கூட்டவும் கூடாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய வகைக் குழல்விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மங்கித் துலங்கும். செக்கனில் 100இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரு முழுத் துடிப்பு அடங்கும். 250இல் ஒரு பங்குக்குப் போனால் ஒரு படம் இருண்டும் மறுபடம் வெளுத்தும், சிலவேளை பாதி மஞ்சளாகவும் வரும். ஆகவே குழல்விளக்குக் களரியில் 100இல் ஒன்றிலேயே நின்று, ஆட்டக்காரர் தாளக்கட்டின் முடிவில் ஒருகணம் நிலைகொள்ளும் இடத்தைக் காத்திருந்து எடுங்கள். கூத்தை அறிந்தவருக்கு அந்த இடம் முன்கூட்டியே தெரியும்; ஊர்க்காரர் என்ற முறையில் உங்களுக்கு இருக்கும் அந்த அனுகூலம் எந்தக் கமராவிலும் விற்கப்படுவதில்லை. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600, துவாரம் எஃப்/2 அல்லது எஃப்/2.2, ரோ வடிவில் (பின்னர் கணினியில் திருத்தக்கூடிய மூலக்கோப்பாக) பதிவு என்று தொடங்கலாம். குவிப்புப் புள்ளிகள் 11 இருந்தாலும், மங்கிய வெளிச்சத்தில் நடுப்புள்ளியை மட்டுமே நம்புங்கள். கிடைக்கோட்டையும் நிலைக்கோட்டையும் ஒருங்கே உணரும் குறுக்குவகை உணர்திறன் அந்த ஒன்றுக்குத்தான் உண்டு.

பிளாஷ் வேண்டாம் என்ற உங்கள் முடிவை மனமாரப் பாராட்டுகிறேன். ஆடுபவரின் கண்ணிலும் பாயில் அமர்ந்திருக்கும் முதியவர்களின் கண்ணிலும் அதை அடித்துக்கொண்டே இருப்பது மரியாதையல்ல. இதனோடு சேர்ந்த இன்னொரு விடயம்: ஜி7எக்ஸில் கண்ணை வைத்துப் பார்க்கும் காண்கருவி இல்லை. ஒளிரும் திரையை உயர்த்திப் பிடித்தே படமெடுக்க வேண்டியிருப்பதால் பின்னால் இருப்பவர்களுக்கு இடைஞ்சலாகும். டி90இல் கண்ணாடி வழியே நேராகப் பார்க்கிறீர்கள், வெளிச்சமும் கசிவதில்லை. அதற்கு மாறாக டி90இன் கண்ணாடி எழுந்து விழும் ஓசை பெரிது. மத்தளமும் சல்லரியும் ஒலிக்கும் களரியில் அது கேட்காது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குள் படமெடுக்க அனுமதி கிடைத்தால், அங்கே சிறிய கமராவின் ஓசையற்ற ஷட்டரே பொருத்தமானது.

வீடியோவில் மட்டும் அண்ணாவின் பக்கமே நியாயம் இருக்கிறது. வீடியோ பதியக்கூடிய முதல் டிஎஸ்எல்ஆர் என்ற பெருமை டி90க்கு உண்டு என்றாலும், அது பதிவது 720பி அளவிலான, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளாத துண்டுகளையே; ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவாகும்; பதியும்போது தானாகக் குவியாது. ஜி7எக்ஸ் 4கே வரை பதியும், வெளி மைக்கும் பொருத்தலாம். கூத்தின் உயிர் பாட்டிலும் தாளத்திலும் இருக்கிறது; வரவுப் பாட்டும் தருவும் பதியப்படாத கூத்துச் சேமிப்பு எவ்வளவு அழகான படங்களைக் கொண்டிருந்தாலும் ஊமைச் சேமிப்புத்தான். ஆகையால் சேர்த்துவைப்பது என்று நீங்கள் எழுதியதில் ஒலியும் ஆட்டமும் அடங்குமானால், அந்தச் சிறிய கமராவை இரண்டாவதாக வாங்கி, முக்காலியில் பூட்டி ஒரு மூலையில் ஓடவிடுங்கள். அதன் பற்றரி ஒரு தடவை மின்னேற்றினால் சுமார் 235 படங்களுக்கே கணிக்கப்பட்டது. டி90இன் பற்றரிக்கு அந்தக் கணிப்பு 850. விடியும்வரை நிற்பதானால் மேலதிகப் பற்றரிகள் இல்லாமல் போகாதீர்கள். முதலாவதாக வாங்க வேண்டியது லென்ஸ். கமரா அதற்குப் பிறகு.

கேள்வி: குமனைக்குப் பறவைகளைப் பார்க்கப் போவது என் வழக்கம். என்னிடம் 12 மெகாபிக்சல் கனன் 450டியும் 18-55 லென்ஸும் இருக்கின்றன. 20 மெகாபிக்சலும் 40 மடங்குச் சூமும் கொண்ட கனன் எஸ்எக்ஸ்740 என்ற சிறிய கமரா முன்னேற்றமாக இருக்குமா?
– ஒரு வாசகர், பொத்துவில்

பதில்: மெகாபிக்சலை முதலில் ஒதுக்கிவிடுவோம். உங்கள் 450டியின் படம் 4272 புள்ளி அகலம். அந்தச் சிறிய கமராவின் படம் 5184. அகலவாட்டில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், அவ்வளவுதான். ஏ4 தாளில் அச்சிட உங்களிடமிருப்பதே தாராளம்.

சூம் வேறு விடயம். பிலிம் கமராவின் கணக்கில் சொன்னால், 18-55 லென்ஸ் 450டியில் 88 மி.மீ. கோணத்தோடு நின்றுவிடும், எஸ்எக்ஸ்740 960 மி.மீ. வரை எட்டும். வாகனத்தைவிட்டு இறங்கக் கூடாத பூங்காவில், வில் எனப்படும் நீர்நிலையின் மறுகரை மரத்திலிருக்கும் சங்குவளை நாரையை 18-55இல் எடுத்தால் வெள்ளைப் புள்ளியாகவே வரும். ஆகவே இன்று உங்கள் கையிலிருப்பதோடு ஒப்பிட்டால், நல்ல வெயிலில் சிறிய கமராதான் வெல்லும். ஆனால் அதன் சென்சர் 28 சதுர மி.மீ. மட்டுமே, உங்களுடையதில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. சூமின் எல்லையில் துவாரமும் எஃப்/6.9ஆகச் சுருங்கிவிடும். உகந்தை வாயிலால் விடியற்காலையில் நுழைந்து, பறவைகள் மிகுந்த சுறுசுறுப்பாக இருக்கும் மங்கிய நேரத்தில் எடுத்தால், இறகுகளின் நுணுக்கமெல்லாம் மெழுகுபோல் குழம்பிவிடும். வெயில் ஏறியபின் எடுக்கலாம் என்றாலோ, நீர்ப்பரப்பின் மேல் எழும் வெப்ப அலை 960 மி.மீ. சூமில் படத்தைத் துடிக்கவைக்கும். அதற்கு எந்தக் கமராவும் மருந்தாகாது.

என் பரிந்துரை, பாவித்த கனன் 55-250 மி.மீ. ஐஎஸ் (கைநடுக்கத்தை ஈடுசெய்யும்) லென்ஸ் ஒன்று. 450டியில் அது 400 மி.மீ. கோணம் தரும். மே, ஜூன் மாதங்களில் கூட்டமாகக் கூடுகட்டியிருக்கும் பறவைகளுக்கும், முக்கியமாகப் பறந்துகொண்டிருப்பவற்றுக்கும், அது போதும். பறக்கும் பறவையைத் திரையில் தேடிப் பிடிப்பதைவிடக் காண்கருவியில் தொடர்வது பன்மடங்கு எளிது. தொலைவில் தனித்து நிற்கும் பறவை எந்த இனம் என்று பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் அடையாளப் படம் வேண்டும், அவ்வளவுதான் என்றால் மட்டும் எஸ்எக்ஸ்740ஐ வாங்குங்கள், 400 மி.மீ.இல் எடுத்ததை வெட்டி அந்த அளவுக்குப் பெருப்பித்தால் இரண்டு மெகாபிக்சல்தான் மிஞ்சும்.

கேள்வி: கடலுக்கு அருகில் வீடு. பாவித்த டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா, அல்லது உப்புக்காற்றுக்குச் சிறிய கமராதான் பாதுகாப்பா?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இரண்டுக்கும் ஆபத்து உண்டு, வகைதான் வேறு. சிறிய கமராவின் லென்ஸ் நீண்டு சுருங்கும்போது மணலையும் தூசியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சென்சரில் ஒரு துகள் ஒட்டிவிட்டால் முழுவதையும் கழற்றாமல் துடைக்க முடியாது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றிக் காற்றுக்குமிழால் ஊதிவிடலாம்.

வாங்கும்போது கைவிளக்கை லென்ஸின் பின்புறத்திலிருந்து அடித்து முன்புறமாகப் பாருங்கள். சிலந்தி இழைபோன்ற படர்வு தெரிந்தால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நிக்கோன் ஆயின் எடுத்தவுடன் பெறும் ஜேபெக் கோப்பிலேயே ஷட்டர் இயங்கிய எண்ணிக்கை பதிந்திருக்கும். டி90இன் ஷட்டர் 100,000 இயக்கங்களுக்குப் பரிசோதிக்கப்பட்டது என்பதை அளவுகோலாகக் கொள்ளுங்கள். 2008ஐ ஒட்டிய பல கமராக்கள் 32 ஜிபி வரையான எஸ்டிஎச்சி நினைவக அட்டைகளுக்காகச் செய்யப்பட்டவை. 32 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையை வாங்கிக்கொண்டு, கமரா பழுது என்று முடிவுசெய்துவிடாதீர்கள்.

மாரிமழை தொடங்கும் ஐப்பசி முதல் தை வரை கமராவைத் தோற்பையிலோ உடுப்பு அலுமாரியிலோ வைக்க வேண்டாம். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்து, பொதிகளின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி இடுங்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும், நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவின் உடலை மட்டும் துடைத்து, உலர்ந்தபின் மூடுங்கள்.