கண்ணில் குறையில்லை, ஆனாலும் பார்க்கவில்லை

கேள்வி: மகனுக்கு 14 மாதம். பிறந்த மறுநாள் சர்க்கரை மிகவும் இறங்கி, ஃபிட்ஸ் வந்தது. இப்போது ஃபேனையும் டியூப்லைட்டையும்தான் பார்க்கிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை. கண் டாக்டர் ‘கண் நன்றாக இருக்கிறது’ என்கிறார். பிறகு ஏன்?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: டாக்டர் சொன்னதும் சரி, நீங்கள் கவனித்ததும் சரி. கண் அனுப்புவதை வாங்கிப் புரிந்துகொள்வது மூளை. பிறந்த புதிதில் சர்க்கரை இறங்கினால் பெரும்பாலும் அடிபடுவது மூளையின் பின்பகுதி. பார்வைக்கான இடமும் அதுதான். கண் நன்றாக இருந்தும் மூளையால் வரும் இந்தப் பார்வைக் குறையை டாக்டர்கள் சி.வி.ஐ. என்பார்கள். வெளிச்சமும் அசைவும் இந்தக் குழந்தைகளைச் சட்டென்று இழுக்கும், அதனால்தான் ஃபேன்.

பூப்போட்ட புடவையில் நீங்கள் குனிந்தால், உங்கள் முகம் அந்தப் பூக்களுக்குள் தொலைந்துபோகும். பூவோ டிசைனோ இல்லாத கறுப்பு உடை உடுத்திப் பாருங்கள். பயிற்சிக்கும் அப்படித்தான்: மடியில் கறுப்புத் துணி, அதன்மேல் மஞ்சள் கப் ஒன்று மட்டும், ஓரடி தூரத்தில். டார்ச்சை அவன் தோளுக்குப் பின்னாலிருந்து கப்பின்மேல் அடியுங்கள், கண்ணில் படக்கூடாது. கப்பை லேசாக அசைத்து நிறுத்திவிட்டு, மனதுக்குள் இருபது எண்ணுங்கள். பலர் தோற்பது இங்கேதான்: மூன்று நொடியில் ‘இங்க பாரு, இங்க பாரு’ என்று கிலுகிலுப்பையை ஆட்டுவார்கள். சத்தம் வந்தால் காது வேலை செய்யும், பார்வை நின்றுபோகும். டி.வி.யை அணைத்துவிடுங்கள். முதுகுக்கும் தலைக்கும் சாய்மானம் கொடுங்கள். தலையை நிறுத்தவே பாடுபடும் குழந்தைக்குப் பார்க்கத் தெம்பிருக்காது. ஐந்து நிமிடம் போதும், நாளுக்கு மூன்று நான்கு முறை, வாரக்கணக்கில் அதே கப். ஒருநாள் பார்த்து மறுநாள் பார்க்காமல் இருப்பதும் இதன் இயல்பே.

தூங்கி எழுந்ததும் தலை கவிழ்ந்து, கைகள் விரிந்து, வரிசையாகத் துள்ளுகிறானா? அதை வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை நரம்பியல் டாக்டரிடம் போங்கள், இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) தேவை. அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம், அது அடங்காமல் பார்வை தேறாது. கண் டாக்டரிடம், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்ணாடிப் பவரும் பார்க்கச் சொல்லுங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பயிற்சி கேளுங்கள்.

கேள்வி: 30 வாரத்தில் பிறந்த மகளுக்கு இப்போது 7 வயது. தனி எழுத்தைப் படிக்கிறாள், பக்கத்தைத் திறந்தால் திணறுகிறாள். படியிறங்கப் பயம்.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: சோம்பல் இல்லை, டீச்சரிடம் இதை அவசியம் சொல்லுங்கள். குறைமாதக் குழந்தைகளில் சிலருக்குக் கீழ்ப்பக்கப் பார்வை குறைந்திருக்கும். நெருக்கமாக இருக்கும் எழுத்துகளைப் பிரித்தறிவதும் கடினம். கறுப்பு அட்டையில் ஒரு வரி தெரியுமளவு வெட்டி, பக்கத்தின்மேல் நகர்த்திப் படிக்கட்டும். புத்தகத்தைச் சாய்வுப் பலகையில் வையுங்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். அடுத்த முறை கண் டாக்டரிடம் ‘பார்வைப் பரப்பையும் சோதியுங்கள்’ என்று கேளுங்கள்.