தோப்பை அடமானம் வைக்க வேண்டாம், தம்பி புவியியல் படிக்கட்டும்

தாராபுரத்திலிருந்து அப்பா, அம்மா, பன்னிரண்டாவது முடித்த பையன் மூவரும் என்ன படிக்கலாம் என்று கேட்க என்னிடம் வந்திருந்தார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்க வேண்டும், அதற்குத் தென்னந்தோப்பை அடமானம் வைக்கப் போகிறார்கள். "எங்க அண்ணன் பையனும் அதுதானுங்க படிக்கிறான். இவன் வேற படிச்சா சொந்தத்துல என்ன பேசுவாங்க?" என்றார் அம்மா.

பயப்படாதீங்க என்றுதான் நானும் ஆரம்பித்தேன். பையன் லேப்டாப்பைத் திறந்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கறுப்புத் திரை. கட்டளையைத் தட்டியே வரைபடம் போடும் ஜி.எம்.டி. மென்பொருள். பால் வெசல், வால்டர் ஸ்மித் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் 1980களின் இறுதியில் எழுதத் தொடங்கியது, இலவசம். அதில் அமராவதி ஆற்றை அணையிலிருந்து, அது காவிரியில் சேரும் திருமுக்கூடலூர் வரை போட்டிருந்தான். கரூருக்குச் சற்று முன்னால் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை குறுக்கே வருகிறது. யு.டி.எம். என்பது உலகை நெட்டுக்குப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக மீட்டரில் அளக்கும் முறை. அதில் அதுவரை 43ஆம் மண்டலம், அப்புறம் 44. கோட்டுக்கு இந்தப் பக்கம் சுமார் 8.28 லட்சம் மீட்டர் என்றிருக்கும் கிழக்குத் திசை எண், அந்தப் பக்கம் 1.72 லட்சமாகிவிடும். ஆறு இரண்டு துண்டாக நின்றது. இரண்டு நாள் உட்கார்ந்து, உருண்டை பூமியைத் தட்டையாக வரையும் முறையைத் தேர்ந்தெடுக்கும் கட்டளையில், ஜே என்ற எழுத்தின் பின்னால் எல் போட்டு லாம்பர்ட் கூம்பு முறைக்கு மாற்றி ஒட்டவைத்திருக்கிறான். பாசனப் பரப்பை ஒப்பிட மட்டும் எல்லுக்குப் பதில் பி, அதாவது ஆல்பர்ஸ் என்ற இன்னொரு முறை. ஏன் என்றேன். "அதுலதான் பரப்பு மாறாதுங்க. சாதாரணமா பார்க்கிற மெர்கேட்டர் உலகப் படத்துல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், நெசத்துல ஆப்பிரிக்கா 14 மடங்கு பெருசு" என்றான். யாரும் சொல்லித்தரவில்லை.

அண்ணா, இந்தப் பையனுக்கு நான் சொல்வது கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புவியியல். கட்டணம் தோப்பைத் தொடாது. மூன்று வருடத்தில் நில அளவை, செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் தொலை உணர்வு, கணினியில் வரைபடத் தகவலைக் கையாளும் ஜி.ஐ.எஸ். எல்லாம் பழகலாம். கூடவே பைதான் என்ற நிரல் மொழியைக் கற்றே ஆக வேண்டும். பட்டம் மட்டும் வேலை வாங்கித் தராது, அதை மறைக்க மாட்டேன். மேற்படிப்புக்கு டேராடூனில் இஸ்ரோவின் இந்தியத் தொலை உணர்வு நிறுவனம் இருக்கிறது. நகரத் திட்டம், நீர்ப்பாசனம், நிலப் பதிவு எதிலும் வரைபடம் தெரிந்த ஆள் தேவை.

அக்கா, அண்ணன் வீட்டுக்குப் பதில் சொல்ல ஒரு வருடம் போதும். கடனுக்கு வட்டி கட்ட அது போதாது. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். விண்ணப்பத்தைத் தம்பியே நிரப்பட்டும், முதல் விருப்பம் புவியியல்.