சினைக் குதிரைக்குத் தீவனத்தைக் கூட்ட வேண்டாம், மாற்றுங்கள்

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய கத்தியவார் பெட்டைக் குதிரை, இப்போது எட்டு மாதச் சினை. எடை சுமார் 350 கிலோ. தினமும் கொள்ளு 2 கிலோ, கோதுமைத் தவிடு 2 கிலோ, வயிறு நிறைய கம்பு நேப்பியர் புல் போடுகிறேன். போன ஈற்றில் குட்டி எழுந்து நிற்கவே திணறியது. விடிகாலையில் பிறந்தது, மதியம்தான் பால் குடித்தது. சில நாளில் மூட்டு வீங்கி இறந்துவிட்டது. இந்த முறை தீவனத்தை எவ்வளவு கூட்டலாம்?

பதில்: குட்டியைப் பறிகொடுத்த வேதனை உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 340 நாள். குட்டியின் எடையில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது.

முதலில் விலாவில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஆனால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அப்படி இருந்தால் உடம்பு சரியாக இருக்கிறது, அளவு போதும். நீங்கள் போடும் தீவனத்தில் குறை வேறு இடத்தில் இருக்கிறது.

கோதுமைத் தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிட பாஸ்பரஸ் ஏழெட்டு மடங்கு அதிகம். கம்பு நேப்பியரில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு, இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிறு ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதனால் தாய் தன் எலும்பிலிருந்தே கரைத்துக் கொடுக்கிறது. முகத்தெலும்பு இருபுறமும் புடைத்திருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தவிட்டை அரைக் கிலோவாகக் குறையுங்கள். ஊறவைத்து வேகவைத்த கொள்ளு ஒரு கிலோ, உடைத்த மக்காச்சோளம் அரைக் கிலோ போதும். பச்சையில் 6 கிலோ குதிரை மசால் (லூசர்ன் தீவனப் பயிர்) கட்டாயம் சேருங்கள், பெயரிலேயே குதிரை இருக்கிறதே! நேப்பியரைப் பாதியாக்கி, அந்த இடத்தில் அருகம்புல்லும் 2 கிலோ காய்ந்த கடலைக்கொடியும் கொடுங்கள். கொடியை மண் போக உதறிப் போடுங்கள். பூஞ்சை வாடை வந்தால் அந்தக் கட்டையே தூக்கி எறியுங்கள். பச்சைச் சோளப் பயிர் மட்டும் வேண்டவே வேண்டாம், மூட்டு மடங்கிய குட்டி பிறக்கக்கூடும். மாற்றங்களைப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள், ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுவலி வரும்.

தாமிரச் சத்தைக் குட்டி வயிற்றில் இருக்கும்போதே ஈரலில் சேர்த்து வைக்கிறது. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. குதிரைக்குரிய தாது உப்புக் கலவையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கோழித் தீவனம், மாட்டுக் கலப்புத் தீவனம் எதுவும் வாயில் படக் கூடாது. அவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால் கொஞ்சமே குதிரையைக் கொன்றுவிடும்.

அப்புறம், போன குட்டி. மூட்டு வீங்கி இறந்தது என்றால் தொப்புள் வழியாகவோ வயிறு வழியாகவோ கிருமி ஏறியிருக்கவே வாய்ப்பு அதிகம். மனிதக் குழந்தையைப் போலன்றி, குதிரைக்குட்டி வயிற்றுக்குள் எதிர்ப்புச் சக்தி வாங்கிக்கொண்டு பிறப்பதில்லை. சீம்பால்தான் எல்லாம். நேரம் போகப் போக அதை ஈர்த்துக்கொள்ளும் திறன் குறைந்து, ஒரு நாளில் குடல் மூடிக்கொள்ளும். மதியம்வரை காத்திருந்தது பெரிய இழப்பு.

ஈன்பதற்கு ஒரு மாதத்திற்கு முன்பே தாயை ஈனும் கொட்டிலுக்கு மாற்றுங்கள். அந்த இடத்துக் கிருமிகளுக்கான எதிர்ப்பு சீம்பாலில் சேரும். ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியும் அப்போதே. காம்பு நுனியில் மெழுகுத் துளி போல் கட்டினால் ஓரிரு நாளில் ஈனலாம், இரவில் கண் விழித்திருங்கள். முன்கூட்டியே பால் ஒழுகினால் சீம்பால் வீணாகிறது, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குட்டி ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். குடிக்கவில்லையா, சீம்பாலைக் கறந்து, உறிஞ்சும் வலு இருந்தால் பாட்டிலில் கொடுங்கள். வலு இல்லையென்றால் மருத்துவர் குழாய் வழியே கொடுப்பார். முதல் ஆறு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்குக் குறையக் கூடாது. தொப்புளை மருத்துவர் தரும் கிருமிநாசினியில் நனையுங்கள். மறுநாள் குட்டியின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். குறைவென்றால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை ஏற்றிக் காப்பாற்ற அப்போதும் வழி உண்டு.