மகள் சைட்டுக்குப் போகலாமா? ஒரு கொத்தனாரின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கள் மகள் சிவில் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர விரும்புவதையும், நெடுங்காலமாகக் கொத்தனாராக உழைக்கும் தாங்கள் அதைத் தடுக்க நினைப்பதையும் எழுதியிருந்தீர்கள். சைட்டில் விடிந்ததும் தொடங்கும் வசவு பொழுது சாய்ந்தாலும் ஓயாது என்கிறீர்கள். அதை அனுபவித்தவர் சொல்லும்போது நான் மறுக்க முடியாது. ஆனால் அந்த வசவு தொழிலோடு பிறந்ததன்று. கையாளாக இருந்தபோது மேஸ்திரியிடம் வாங்கியதை, தான் மேஸ்திரியானதும் அடுத்தவருக்குக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தில் மரியாதைக் குறைவை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கான்கிரீட் இறுகும் வரை பலகைகளைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் முட்டு ஒன்று ஆடுவதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் சித்தாள்தான். சொன்னால் திட்டு விழும் என்று அவர் வாயை மூடிக்கொண்டால், மேலே கான்கிரீட் போடும் அத்தனை பேரின் உயிருக்கும் யார் பொறுப்பு? சைட்டில் தலைமை என்பது, அந்தச் சித்தாள் அச்சமின்றி வந்து சொல்லும்படி நடந்துகொள்வதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு நாளும் வரும். அடுத்த வேலைக்குப் பலகையும் முட்டும் தேவை என்று ஒப்பந்தக்காரர் நெருக்குவார். சாதாரண சிமெண்ட்டில் போட்டு நன்றாக நீராற்றிய (ஈரம் காயாமல் காத்த) தளமாக இருந்தாலும், தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ளதற்கு 7 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாட்களும் முட்டுகளைப் பிரிக்கக் கூடாது என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்கிறது. 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்திற்கு 21 நாட்கள். குரலை உயர்த்தாமல், விதியைக் காட்டி, "இன்று பிரிக்க முடியாது" என்று நிற்பவர்தான் பொறியாளர். தங்கள் மகள் அப்படி நிற்பாரா என்பதே என் கேள்வி. அவர் பெண் என்பது அன்று.

பெண்கள் இத்தொழிலுக்குப் புதியவர்களும் அல்லர். கல்லும் மண்ணும் சுமக்கும் அவர்களில் பலர் கடைசி வரை சித்தாளாகவே இருந்துவிடுகிறார்கள், கொத்தனாரின் கரணை அவர்கள் கைக்கு வருவதே அரிது. இதை மாற்றும் இடத்தில் தங்கள் மகள் நிற்க முடியும் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

இருபது வயதுப் பெண், ஐம்பது வயதுக் கொத்தனாரின் சுவர் சாய்ந்திருக்கிறது என்று சொன்னால் அவர் ஏற்பாரா என்று கேட்டிருந்தீர்கள். பலர் முன்னிலையில் சொன்னால் ஏற்கமாட்டார். தனியே அழைத்து, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினால் ஏற்பார். இன்று பல சைட்டுகளில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் இருப்பதால், ஓரளவு இந்தி பேசக் கற்பதும் தங்கள் மகளுக்கு உதவும்.

வேலைக்குச் சேரும் நிறுவனத்தை அவர் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கட்டும். காலையில் வேலை தொடங்குமுன் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறார்களா, தலைக்கவசம் சித்தாளுக்கும் கிடைக்கிறதா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா என்று நேரில் பார்க்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். பதில் சொல்லத் தடுமாறும் நிறுவனத்தைத் தவிர்ப்பதே நல்லது.

டிப்ளமோ முடித்தபின், விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது. ஆனால் சேர்க்கைக்கு முன், இந்த விடுமுறையிலேயே ஒரு வாரம் அவரைத் தங்கள் வேலையிடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நூல் பிடிக்கவும், ரசமட்டம் வைத்துப் பார்க்கவும், மூலைமட்டம் சரிபார்க்கவும் தாங்களே கற்றுக்கொடுங்கள். அந்த ஒரு வாரம் தங்களுடன் வேலை செய்பவர்கள் தங்கள் மகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும், தாங்கள் அவர்களிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதையும் அவர் பார்க்கட்டும். அதன்பின் அவர் சொல்லும் முடிவை எனக்கு எழுதுங்கள்.