இஸ்தான்புல்லில் கடைசி நாள்: அரண்மனையா, நண்பர்களா?

செவ்வாய் இரவு 11 மணிக்கு சபிஹா கோக்சென் விமான நிலையத்தில் விமானம், அதற்குள் தோப்காப்பி அரண்மனையும் பார்க்கணும், ஆசியக் கரையிலுள்ள கடிக்கோய் நண்பர்களிடமும் விடைபெறணும் என்று கேட்டிருந்தீர்கள். பாதிப் பிரச்சினை தானாகவே தீர்ந்தது: தோப்காப்பிக்குச் செவ்வாய் விடுமுறை!

காலையில் பழைய நகரப் பகுதியான சுல்தானஹ்மெத்தில் பாதாள நீர்த்தேக்கம் போங்கள். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தது, 336 தூண்கள்; மூலையில் இரண்டு மெதூசா (கிரேக்கப் புராணத்தின் பாம்புக்கூந்தல் பெண்) தலைச் சிற்பங்கள், ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில். ஒரு மணி நேரம் போதும். எதிரே ஹாகியா சோபியா பள்ளிவாசல். வரிசை நீளமாக இருந்தால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள், வருத்தப்பட வேண்டாம்.

மதியமே ஓட்டலில் பெட்டியை எடுத்துக்கொண்டு டிராமில் எமினோனு படகுத்துறை, அங்கிருந்து படகில் கடிக்கோய். இருபது நிமிடம்தான், ஆனால் நகரத்தை முழுசாகப் பார்ப்பது அப்போதுதான். படகில் ஏறுமுன் ஒரு சிமித் (எள் தூவிய வளைய ரொட்டி) வாங்குங்கள். பாதி உங்களுக்கு, பாதி கடற்பறவைகளுக்கு.

நண்பர்களை நீங்கள் தங்கியிருக்கும் ஐரோப்பியக் கரைக்கு வரச் சொல்லாதீர்கள். விமான நிலையம் அவர்கள் பக்கம்தான். கடிக்கோயிலிருந்து எம்4 மெட்ரோ நேரே போகிறது. ஏழரைக்குக் கிளம்பினால் சரி. அப்புறம், வாசலில் உங்கள் பின்னால் யாராவது தண்ணீர் ஊற்றினால் பதறாதீர்கள். தண்ணீர்போலத் தடையின்றிப் போய் வா என்று வழியனுப்பும் வழக்கம் அது.