கரைசலைக் கொட்டிவிடாதீர்கள்

தம்பி, பி.ஃபார்ம் முடித்துவிட்டு மருந்துப் பகுப்பாய்வும் தரக்கட்டுப்பாடும் முதுநிலை படிக்க வெளிநாடு கிளம்பப் போவதாக எழுதியிருந்தீர்கள். மூன்று நாடுகளைச் சொல்லி, எங்கே போனால் வேலை நிச்சயம் என்று கேட்டிருந்தீர்கள். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் இந்த வேலையா என்றும் ஒரு கேள்வி. நான் இதே படிப்புக்காக வந்து, ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே தங்கிவிட்டவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேலை நிச்சயம் என்று எந்த நாட்டையும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் படிப்பைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் இல்லை. 1990-ல் ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா மூன்றும் சேர்ந்து, மருந்துத் தர விதிகளைப் பொதுவாக்க ஆரம்பித்த ஐசிஹெச் அமைப்பின் வழிகாட்டிகள்தான் இன்று பல நாடுகளில் அடிப்படை. மாத்திரையை 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துச் சோதிக்கும் ஸ்டெபிலிட்டி வேலையை ஓரிடத்தில் கற்றுக்கொண்டால் இன்னோரிடத்திலும் அதுவே. பகுப்பாய்வு முறையைச் சரிபார்க்கும் க்யூ2 வழிகாட்டி 2023 நவம்பரில் திருத்தப்பட்டது. முறையை எப்படி உருவாக்குவது என்று சொல்லும் க்யூ14-உம் அப்போதுதான் வந்தது. நீங்கள் பார்க்கும் பாடத்திட்டத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னும் பழைய பதிப்பை நடத்துகிற துறை, தொழிற்சாலைப் பக்கம் போய் நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு குழப்பமும் உங்கள் கேள்வியில் தெரிந்தது. இந்தப் பட்டம் வாங்கினால் அங்கே மருந்தாளுநராகப் பதிவு கிடைக்காது. அது வேறு பாதை, வேறு தேர்வு. தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் அனலிஸ்டாக வேலை பார்க்க பொதுவாக அந்தப் பதிவு தேவைப்படாது. எங்கள் ஆய்வகத்தில் பாதிப் பேர் வேதியியல் படித்தவர்கள்.

துறைக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது தரவரிசையை எல்லாம் கேட்க வேண்டாம். கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் மெஷினான ஹெச்பிஎல்சியை ஒரு மாணவர் தன் கையால் எத்தனை மணி நேரம் இயக்க முடியும்? குழுவாக நின்று பார்ப்பதா, தனியாக ஓட்டுவதா? புராஜெக்ட் எத்தனை மாதம், நிறுவனத்தில் செய்ய வழி உண்டா? இதைக் கேளுங்கள். ஒரு வருடப் படிப்பில் புராஜெக்டுக்கு மூன்று நான்கு மாதம்தான் மிஞ்சும். அதற்குள் மெஷின் பழகி, அது மக்கர் செய்தால் என்ன பார்ப்பது என்று தெரிந்து வெளியே வர வேண்டும்.

வாய்ப்புக் கிடைத்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் முறை) சம்பந்தப்பட்ட புராஜெக்டை எடுங்கள். 2018-ல் வால்சார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரைகளைப் பல நாடுகளில் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். மூலப்பொருள் தயாரிக்கும் முறையை மாற்றியபோது என்டிஎம்ஏ என்ற நைட்ரோசமைன், அதாவது புற்றுநோய் வரவழைக்கக்கூடிய மாசு, உருவாகியிருந்தது. வழக்கமான சோதனைகள் அதைத் தேடவே இல்லை. அதற்கு வைத்த வரம்பு ஒரு நாளைக்கு 96 நானோகிராம். அவ்வளவு சின்ன அளவைப் பிடிக்க வழக்கமான யூவி டிடெக்டர் போதாது. அந்த வருடத்திலிருந்து நைட்ரோசமைன் சோதனை தெரிந்த ஆட்களை ஆய்வகங்கள் தேடத் தொடங்கின.

சரி, மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதுதானா வேலை? கொஞ்ச நேரம் உட்காரத்தான் வேண்டும். அதைவிட அதிகமாக எடை போடுவீர்கள், கரைப்பீர்கள், வடிகட்டுவீர்கள், எழுதுவீர்கள். எழுதுவதுதான் அதிகம். இதை எந்தப் பாடத்திலும் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை.

வேலைக்குச் சேர்ந்து சில மாதம் இருக்கும். ஒரு மாத்திரையில் மருந்தின் அளவு 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எனக்கு 93 வந்தது. பதறிப்போய் அந்தக் கரைசலை சிங்க்கில் ஊற்றினேன். புதிதாக மாத்திரையைப் பொடித்து, எடை போட்டு, கரைத்து, மறுபடி மெஷினில் செலுத்தினேன். 99 வந்தது. நிம்மதியாக 99-ஐ எழுதி, மேற்பார்வையாளர் மேஜையில் வைத்தேன். அவர் கணினியில் ஆடிட் டிரெயிலை, அதாவது மெஷினில் நடந்த எல்லாவற்றையும் தானாகப் பதியும் பதிவேட்டை, திறந்தார். காலையில் நான் செலுத்திய முதல் மாதிரியும் அதில் நேரத்தோடு இருந்தது. "முதல் கரைசல் எங்கே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அவர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். ஒலி அதிர்வால் மருந்தைக் கரைக்கும் சோனிகேட்டரில் எத்தனை நிமிடம் வைத்தாய் என்று கேட்டார். 30 நிமிடம் வைக்க வேண்டியதை நான் பாதியில் எடுத்திருந்தேன். மருந்து முழுக்கக் கரையாமல் இருந்திருக்கலாம். ஆனால் கரைசல் கையில் இல்லையே, எப்படி நிரூபிப்பது? அதே குடுவையை இன்னும் கால் மணி நேரம் வைத்து மறுபடி செலுத்தியிருந்தால் அன்று மதியமே விடை தெரிந்திருக்கும். காரணம் நிரூபிக்க முடியாததால் 99-ஐ ஏற்றுக்கொள்ளவும் வழியில்லை. அந்த பேட்ச் வாரக்கணக்கில் கிடங்கில் நின்றது. விசாரணை அறிக்கை பல பக்கம் போனது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல நாள் யோசித்தேன். ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. பயம்தான். விசா வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது, தப்பு செய்தவள் என்று பெயர் வந்தால் என்ன ஆகும் என்ற பயம். மூத்தவரிடம் போய் "தெரியவில்லை, தப்பாக வந்திருக்கிறது" என்று சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. படிக்கும்போது சரியான விடை வந்தால்தானே மதிப்பெண்! தம்பி, உங்களுக்கும் இந்தப் பயம் வரும். வெளியிலிருந்து வந்தவர்களிடம் இதை நிறையப் பார்த்துவிட்டேன். வரம்பு தாண்டிய முடிவு வந்தால் எதையும் கொட்டாதீர்கள். குடுவை, பிப்பெட், வடிகட்டி எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த நிமிடமே மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். "93 வந்திருக்கிறது, எதையும் தொடவில்லை" என்று சொன்னால் போதும். அப்படிச் சொன்ன ஒருவரை வேலையைவிட்டு அனுப்பி நான் பார்த்ததில்லை. மறைத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் போனதைப் பார்த்திருக்கிறேன்.

படிக்கும்போதே இதைப் பழகலாம். மெஷின் வரையும் வரைபடத்தில் பீக் (மருந்தைக் காட்டும் மேடு) சரியாக வரவில்லை என்றால் பேஸ்லைனை, அதாவது அடிக்கோட்டை, கையால் இழுத்து அழகாக்கத் தோன்றும். செய்யாதீர்கள். அசிங்கமான அந்த வரைபடத்தை (க்ரோமட்டோகிராம்) அப்படியே ஒட்டி, பம்பில் காற்றுக் குமிழியா, மெஷினுக்குள் ஓடும் கரைப்பானான மொபைல் ஃபேஸின் பிஹெச் தவறா என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். நான் இப்போது நேர்காணல் எடுக்கிறேன். என்னென்ன மெஷின் தெரியும் என்ற பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. "கடைசியாக உங்களுக்குத் தப்பாக வந்த முடிவு எது, என்ன செய்தீர்கள்?" என்று கேட்பேன். பாதிப் பேர் அதற்கு விழிக்கிறார்கள்.

அப்புறம், முதல் வேலை பெரிய ஆராய்ச்சியாக இருக்காது. மாத்திரை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்க்கும் டிசொல்யூஷனில் ஆறு குடுவை, 37 டிகிரி, குறித்த நிமிடத்தில் மாதிரி எடுப்பது, கார்ல் ஃபிஷர் என்ற முறையில் ஈரம் பார்ப்பது, ஷிப்ட் வேலை. பிற நிறுவனங்களுக்காகச் சோதனை செய்துகொடுக்கும் ஒப்பந்த ஆய்வகங்களில் புதியவர்களை எளிதாக எடுப்பார்கள். வேலை அதிகம், ஆனால் பல வகை மருந்து கையில் வரும். ஒன்றிரண்டு வருடம் அங்கே இருப்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி வாங்கி, ஒரே கரைசலை ஆறு முறை டைட்ரேட் செய்து பாருங்கள். ஆறு எண்ணையும் அடித்தல் திருத்தல் இல்லாமல், தவறினால் ஒற்றைக் கோடு போட்டு, தேதியும் கையெழுத்தும் வைத்து எழுதுங்கள். துறையிலிருந்து பதில் வந்ததும் அதையும் அந்த ஆறு எண்ணையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.