சாய்ந்து மிதிக்கிற வண்டி

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு வயது 61. தலைசுற்றல் வந்ததிலிருந்து சைக்கிளைத் தொடக்கூடாது என்கிறார் டாக்டர். ஜெர்மனியில் இருக்கும் மகன், சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்கிறான். முன்னால் இரண்டு சக்கரம் வைத்த டாட்போலா, பின்னால் இரண்டு வைத்த டெல்டாவா, எது எனக்குச் சரிவரும்? மோட்டார் வேண்டுமா? படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், ‘இது சைக்கிளே இல்ல, நொண்டி வண்டி’ என்று சிரிக்கிறார். உயரமாகக் கொடி வேறு கட்டவேண்டுமாம். தெருவில் இறங்கவே கூச்சமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்), கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள தம்பி,

மோட்டார் கதையைப் பிறகு பார்க்கலாம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து அம்பாசமுத்திரம் போக என்ன மலையா ஏறப்போகிறீர்கள்? டாக்டரிடம் மட்டும் மூன்று சக்கரத்துக்கும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். வண்டி சாயாது, சரி; நடுரோட்டில் தலை சுற்றினால் அது என்ன செய்யும்?

‘சைக்கிளே இல்ல’ என்றாரே, அந்த மகானுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். 1933-இல் பாரிசில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் சாய்ந்து மிதிக்கும் இரண்டு சக்கர வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914-இலிருந்து நின்ற சாதனை உடைந்தது. அவர் முதல் வரிசைப் பந்தயக்காரர்கூட இல்லை. வண்டியைச் செய்தவர் சார்ல்ஸ் மோஷே. மறு வருஷமே சர்வதேச சைக்கிள் சங்கம் கூடி, சைக்கிள் என்றால் இன்ன அமைப்பில்தான் இருக்கவேண்டும் என்று விதி எழுதி, இந்த வண்டியைப் பந்தயத்துக்கு வெளியே தள்ளியது. ஜெயித்ததால் வந்த வினை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தீர்ப்பைத்தான் திண்ணையில் உட்கார்ந்து திரும்ப வாசிக்கிறார். ‘நொண்டி வண்டி’ என்றதற்கு அவரை ஒரு வார்த்தை கேட்காமல் வந்தீர்களே, அதற்கு உங்களைத்தான் திட்டவேண்டும். கை பெடலைச் சுற்றிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகிறவர் யாரிடமும் சிரிப்புக்குக் கடன்படவில்லை.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், அந்தப் பக்கத்து வீட்டுக்காரனாக நானும் இருந்திருக்கிறேன்.

அப்பா வள்ளியூரிலிருந்து பணகுடிக்கு தினமும் சைக்கிளில் போய்வந்த வாத்தியார். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்களுக்குத் தெரியும். இன்று அங்கே காற்றாலை சுற்றுகிறது; அன்று அப்பாவின் வேட்டிதான் சுற்றியது. ஹேண்டில்பாரில் நெஞ்சு படக் குனிந்து மிதிப்பார். காற்றுக்கு உடம்பை எவ்வளவு குறைவாகக் காட்டுகிறோமோ அவ்வளவு லாபம். தாழ உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கிற வண்டியின் சூட்சுமமும் அதுதான்.

63 வயதில் அவருக்கும் தலைசுற்றல். ஒரு சாயங்காலம் வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் விழுந்தார். காயம் ஆறியபின் ஒருநாள், “பெரியவங்க ஓட்டுற மூணு சக்கர வண்டி இருக்காமே, விசாரிச்சுப் பாரேன்” என்றார். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “எதுக்குப்பா, ஊர் சிரிக்கவா?” என்றேன். “சரி” என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பதினோரு வருஷம் இருந்தார். சைக்கிள் தார்சாவில் ஸ்டாண்டு போட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செயினுக்கு எண்ணெய் விட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, ஃப்ரீவீல் சத்தம் அடங்கும்வரை பக்கத்தில் நிற்பார். கோட்டம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, கொடிக்கு வருகிறேன். பாபநாசம் ரோட்டில் ஓடுகிற பஸ் டிரைவர் கண்ணுக்கு, ஒரு ஜாண் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் தெரியவே மாட்டார். அஞ்சடிக் கம்பில் கொடி கட்டாமல் ரோட்டில் இறங்கினால் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். நிறம்தான் சிக்கல். நம்ம ஜில்லாவில் எந்த நிறத்தைத் தொட்டாலும் அது ஒரு கட்சிக்கோ ஒரு சாதிக்கோ சொந்தம். பளீரென்ற எலுமிச்சை நிறம் எடுங்கள். யாரும் இன்னும் பட்டா போடவில்லை.

செருப்போடு மிதிக்காதீர்கள். கால் பெடலிலிருந்து நழுவி ரோட்டில் பட்டால், வண்டி ஓடுகிற ஓட்டத்தில் காலைப் பின்னால் இழுத்து ஒடித்துவிடும். குதிகாலைப் பிடிக்கும் பட்டை வைத்த பெடல் கேளுங்கள். எழுந்து நின்று அழுத்தவும் முடியாது. சின்ன கியரில் லேசாகச் சுழற்றுங்கள், இல்லையென்றால் முழங்கால் போய்விடும். பள்ளத்தில் ஒரு சக்கரத்தைத் தப்பிக்க வைத்தால் மற்ற இரண்டில் ஒன்று விழும், அதற்கும் தயாராக இருங்கள். வண்டி இரண்டரை அடிக்கு மேல் அகலம் இருக்கும். உங்கள் அக்ரஹாரத்து வீட்டு வாசற்படியை முதலில் அளந்து பாருங்கள்.

டாட்போலா டெல்டாவா என்றுதானே கேட்டீர்கள்? வளைவில் டாட்போல் உறுதி, பிரேக்கும் முன்னால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும். ஆனால் சீட் பெரும்பாலும் தரையோடு தரையாக இருக்கும். டெல்டாவில் பல வண்டிகளுக்கு சீட் நாற்காலி உயரத்துக்கு வரும், ஏறி இறங்க சுகம். திருப்பத்தில் மட்டும் வேகம் குறைக்கவேண்டும். செங்கல்லை மூன்று அடுக்காக வைத்து மேலே மணைப்பலகையைப் போடுங்கள். அதில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்திருக்க முடிந்தால் டாட்போல். முடியாவிட்டால் டெல்டா. இன்று காலை நானும் உட்கார்ந்து பார்த்தேன். நாலு தடவை எழுந்தேன், ஐந்தாவதுக்குச் சுவரைப் பிடித்தேன்.

எனக்கு டெல்டாதான். வண்டி வந்ததும் தகவல் சொல்லுங்கள், பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிறேன்.